அப்பளக்காரமும் சீன நூடுல்ஸும்

(கடலூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலூரிலும் சிதம்பரத்திலும் பொழுது சாய்ந்தால் ஃபாஸ்ட் ஃபுட் வண்டிகளில் அடுப்பு சீறத் தொடங்கிவிடும். முன்கூட்டியே வேகவைத்து எண்ணெய் தடவிய நூடுல்ஸ் ஒரு தாம்பாளத்தில் குவிந்திருக்கும். முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், குடமிளகாய் எல்லாம் நறுக்கித் தனித்தனி டப்பாக்களில் தயார். மாஸ்டர் இரும்புச் சட்டியை ஒரு தூக்குத் தூக்கி உலுக்க, நெருப்பு சட்டிக்குள் ஏறி இறங்கும். சோயா சாஸ், மிளகாய் சாஸ், மிளகுத்தூள், ஒரு சிட்டிகை அஜினோமோட்டோ. ஐந்து நிமிடத்துக்குள் தட்டு கைக்கு வந்துவிடும்.

அந்தத் தட்டில் மாஸ்டரின் கைப்பக்குவம் பாதிதான். மீதிப் பாதியான நூடுல்ஸ், தொழிற்சாலையிலிருந்து பாக்கெட்டில் வந்தது. வீட்டிலும் இதே கதை. காரத்தைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம், விதவிதமாகத் தாளிக்கிறோம். மாவில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. சீன நூடுல்ஸ் என்றால் அதற்கு மெஷின் வேண்டும், சீனத்துச் சாமான் வேண்டும் என்று ஒரு பயம். உண்மையில் அதற்கு வேண்டிய பொருள்களில் முக்கால்வாசி நம்மூர் மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் இருக்கிறது. வேண்டிய கைவேலையைப் பரோட்டா மாஸ்டர்களும் அப்பளம் இடுகிறவர்களும் அன்றாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முதலில், நூடுல்ஸ் நம் பக்கம் எந்த வழியாக வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எல்லாருக்கும் தெரிந்த வழி பாக்கெட் வழி. ஜப்பானில் மொமொஃபுகு அண்டோ 1958இல் நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து உலர்த்தி விற்கத் தொடங்கினார். பொரிக்கும்போது மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி நுண்துளைகள் விழுகின்றன. பிறகு வெந்நீர் பட்டதும் அந்தத் துளைகள் வழியே நீர் புகுந்து இழை மென்மையாகிவிடுகிறது. அந்த நுட்பம்தான் 1983இல் மேகி என்ற பெயரில் இந்தியச் சமையலறைக்குள் நுழைந்தது. இன்னொரு வழி கொல்கத்தா. அங்கே டாங்ரா பகுதியில் தோல் பதனிட்டுப் பிழைத்த ஹக்கா சீனர்கள் இந்திய நாக்குக்கு ஏற்றபடி சமைக்கத் தொடங்கியதிலிருந்துதான் வண்டிக்கடைப் பலகைகளில் ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்ற பெயர் ஏறியது. பக்கத்திலேயே எழுதியிருக்கும் மஞ்சூரியனுக்கும் மஞ்சூரியாவுக்கும் சம்பந்தம் கிடையாது. அது 1975இல் மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையற்காரர் சோளமாவு, பச்சை மிளகாய், பூண்டு, சோயா சாஸ் கொண்டு உண்டாக்கியது.

இந்த இரண்டுக்கும் முந்தையது கடல் வழி. கடலூர் மாவட்டத்துக்காரர்கள் சொந்தம் கொண்டாட வேண்டிய வழி அது.

இந்தக் கரைக்கும் கிழக்குக் கடலுக்கும் பழக்கம் பழையது. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழ நாட்டுத் தூதுக்குழுக்கள் சீன அரசவைக்குப் போயிருக்கின்றன. காம்போஜ (கம்போடிய) அரசர் குலோத்துங்க சோழருக்குக் காட்சிப் பொருளாக அளித்த ஒரு கல்லைப் பற்றி, 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று சிதம்பரம் நடராசர் கோயிலில் பேசுகிறது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் சிவன் கோயில் எழுப்பிய தமிழ் வணிகர்கள் 1281இல் அங்கேயே தமிழில் கல்வெட்டும் பொறித்துவிட்டார்கள். சுவான்சௌவில் காலூன்றியவர்கள் அங்கே நூடுல்ஸ் சாப்பிடாமலா இருந்திருப்பார்கள்? ஆனால் அதற்குச் சாட்சி இல்லை. கல்வெட்டில் மெனு எழுதும் வழக்கம் அன்றைக்கு இல்லை.

சாட்சி கிடைப்பது பரங்கிப்பேட்டைக்காரர்கள் காலத்தில். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் வெள்ளாற்று முகத்தில் இருக்கும் அந்த ஊரிலிருந்து 17, 18ஆம் நூற்றாண்டுகளில் தமிழ் முஸ்லிம்களான மரைக்காயர்களின் கப்பல்கள் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அச்சே, கெடா, மலாக்கா என்று போய் வந்தன. ஐரோப்பியர் அவர்களைச் ‘சூலியா’ என்று அழைத்தார்கள். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவிய கொஞ்ச காலத்திலேயே தமிழ் முஸ்லிம்கள் அங்கே கடை விரித்துவிட்டார்கள். ஜார்ஜ் டவுனில் இன்றும் சூலியா தெரு இருக்கிறது. பின்னால் கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பக்கத்திலிருந்தும் ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தத் தெருக்களில் ஒரு பக்கம் ஹொக்கியன் சீனர்கள் மஞ்சள் நிற நூடுல்ஸ் விற்றார்கள். மறு பக்கம் நம்மவர்களின் சாப்பாட்டுக் கடை. இரண்டும் சந்தித்ததில் பிறந்தது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று எல்லாருக்கும் தெரிந்த மாமாக் மீ கோரெங். பினாங்கில் அதைப் போடுகிற விதத்தைப் பார்த்தால் அதில் தமிழ்க் கை எங்கே இருக்கிறது என்று புரிந்துவிடும். ஊறவைத்து அரைத்த வற்றல் மிளகாய் விழுது எண்ணெய் பிரியும்வரை வதங்கும். காரத்தில் வெந்த கணவாய்த் துண்டுகள் ஒரு கரண்டி விழும். அவித்த உருளைக்கிழங்கு, பொரித்த டோஃபு, பிய்த்துப் போட்ட இறால் வடை, முளைப்பயறு, தக்காளி. மேலே மஞ்சள் நூடுல்ஸைப் போட்டு, சோயாவும் இனிப்புக் குழம்பும் ஊற்றிப் புரட்டி, ஓரத்தில் முட்டையை உடைத்துவிட்டு, இறக்கும்போது எலுமிச்சை பிழிவார்கள். இனிப்புக் குழம்பில் பல கடைகளில் மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இருக்கும். நூடுல்ஸும் டோஃபுவும் சோயாவும் சீனத்துடையவை. உருளைக்கிழங்கையும் வடையையும் நூடுல்ஸோடு புரட்டியெடுக்கும் துணிச்சல் நம்மவர்களுக்குத்தான் வரும்.

பர்மாவிலும் இப்படி ஒரு கதை நடந்தது. 1962இல் இராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்தடுத்துக் கடைகளையும் வணிகங்களையும் அரசுடைமையாக்கியபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் பிழைப்பை இழந்து ஊர் திரும்பினார்கள். அவர்கள் கொண்டுவந்த சாப்பாடுதான் சென்னை பாரிமுனைப் பக்கம் கிடைக்கும் அத்தோ. நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அடுப்பில் புரட்டாமல் கையால் கலக்கும் அந்த முறை சீனத்திலும் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

இனி மாவுக்கு வருவோம்.

சீனத்தின் சிங்ஹாய் மாநிலத்தில் லாஜியா என்று ஒரு தொல்லியல் களம். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் நிலநடுக்கமும் வெள்ளமும் அந்தக் குடியிருப்பைப் புதைத்துவிட்டன. அங்கே கவிழ்ந்து கிடந்த ஒரு மண்கிண்ணத்தை எடுத்துப் பார்த்தபோது உள்ளே மெல்லிய மஞ்சள் இழைகள் இருந்தன. நீளம் 50 சென்டிமீட்டருக்கு மேல். லூ ஹோயுவான் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2005இல் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டார்கள். இழையில் இருந்த தானியம் எது என்று ஆராய்ந்ததில் கிடைத்த விடை, தினையும் பனிவரகும். கோதுமை இல்லை.

உடனே ஒரு சிக்கல் எழுந்தது. தினை மாவைப் பிசைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது இழுபடாது, விரலில் உதிரும். அதில் அத்தனை நீள இழை எப்படி வரும்? அதே குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், வட சீனத்தில் ‘ஹலே’ என்று வழங்கும் அச்சில் மாவை அழுத்திப் பிழிந்து இழை எடுத்துக் காட்டினார்கள். அடியில் துளையிட்ட உருளையில் மாவை வைத்து மேலிருந்து அழுத்தினால் கீழே இழை இழையாக விழும். இந்தக் கருவியைப் பற்றி இந்த அவைக்கு விளக்க வேண்டியதே இல்லை. இடியாப்ப உரலும் சேவை நாழியும் தேன்குழல் அச்சும் இல்லாத வீடு நம் பக்கம் ஏது?

ஆக, உலகத்தில் உள்ள நூடுல்ஸை இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். ஒன்று பிழிகிற குடும்பம். அரிசி, தினை, கேழ்வரகு போன்ற தானியங்களில் மாவைச் சேர்த்துப் பிடிக்கும் பசைப்புரதம் கிடையாது. அதனால்தான் இடியாப்ப மாவுக்குக் கொதிநீர் ஊற்றுகிறோம். சூட்டில் மாவுச்சத்து கஞ்சியாகி, அந்தக் கஞ்சிப் பசையே இழையைத் தாங்குகிறது. மற்றது இழுக்கிற, வெட்டுகிற குடும்பம். அது பெரும்பாலும் கோதுமைக்கு உரியது. கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் க்ளையடின், க்ளூட்டெனின் என்ற இரண்டு புரதங்கள் கைகோத்து வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. க்ளையடின் மாவை நீளவிடுகிறது; க்ளூட்டெனின் அதைத் திரும்பச் சுருங்க வைக்கிறது. பரோட்டா மாஸ்டர் உருண்டைகளை எண்ணெயில் ஊறப்போட்டுக் காத்திருப்பது இந்த வலை தளர்வதற்காகத்தான். ஊறாத உருண்டையை வீசினால் கிழியும். ஊறியதை வீசினால் கண்ணாடிபோல விரியும். சீனத்தின் லான்ஜோ நகரில் நூடுல்ஸ் இழுக்கிறவர் செய்வதும் இதே வேலைதான். ஒரு மாவுக்கயிற்றை இழுத்து மடித்து, மறுபடி இழுத்து மடித்து, எட்டே மடிப்பில் 256 இழைகள் ஆக்கிவிடுவார்.

ஆனால் பரோட்டா மாவை அப்படியே வெட்டி வேகவைத்தால் நூடுல்ஸ் வராது. கொழகொழவென்ற துண்டுகள்தான் வரும். நடுவில் ஒரு பொருள் குறைகிறது. லான்ஜோக்காரர்கள் பழைய நாளில் அதை ஒரு வறண்டநிலச் செடியிலிருந்து எடுத்தார்கள். அந்தச் செடியை எரித்த சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்து மாவில் சேர்ப்பார்கள். சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட், சோடியம் கார்பனேட் ஆகிய உப்புகள். பிச்சாவரம் சதுப்பில் படகில் போகும்போது கரையோரம் தடித்த இலையோடு சிவந்து கிடக்குமே, உமரிச் செடி, அதுவும் அந்த லான்ஜோச் செடியும் ஒரே தாவரக் குடும்பம். உப்பு மண்ணில் வளரும் இத்தகைய செடிகளின் சாம்பலிலிருந்து சோடா எடுப்பது உலகில் பல கடற்கரைகளில் இருந்த தொழில்.

பிச்சாவரத்துக்குப் போய்ச் செடி பறிக்க வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் அப்பளக்காரம் என்று கேட்டாலே போதும். உளுந்து மாவைப் பிசைய அந்தக் காரத்தைத் தண்ணீரில் கரைத்து, கசடு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் எடுத்து ஊற்றுவது நம் பாட்டிமார் முறை. அதுவும் கார்பனேட் வகை உப்புதான். லான்ஜோவில் கோதுமைக்குச் செய்வதை இங்கே உளுந்துக்குச் செய்திருக்கிறார்கள்.

இந்தக் காரம் மாவில் மூன்று வேலை செய்கிறது. புரத வலையை இறுக்குகிறது. அதனால் இழை வெந்த பிறகும் பல்லுக்கு எதிர்ப்புக் கொடுக்கும். கோதுமையில் நிறமில்லாமல் ஒளிந்திருக்கும் ஃபிளேவனாய்டுகளை மஞ்சளாக்குகிறது. பினாங்கின் மஞ்சள் நூடுல்ஸ் நிறம் பெற்ற வழிகளில் இதுவும் ஒன்று. மூன்றாவது, அந்த வாசனை. சீன நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்தத் தனி வாடை காரத்தால் வருவது.

கடைக்குக் கடை அப்பளக்காரத்தின் வீரியம் மாறும். அளவு பிசகக் கூடாது என்கிறவர்களுக்கு இன்னொரு வழி, சமையல் சோடா. அதை அடி கனத்த இரும்புச் சட்டியில் சிறு தீயில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வறுத்தால், நீரும் கரியமில வாயுவும் வெளியேறி சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும். மாறியதா என்று தெரிந்துகொள்ளத் தராசு போதும். 10 கிராம் போட்டது 6 கிராமுக்குச் சற்றே மேலே வந்து நின்றால் வேலை முடிந்தது. ஓவன் இருந்தால் 130 டிகிரியில் ஒரு மணி நேரம். அலுமினியப் பாத்திரம் கூடாது; காரம் அதை அரிக்கும். வறுத்த சோடாவை ஈரக்கையால் தொடுவதும் தவறு. துணி துவைக்க விற்கும் சலவைச் சோடாவும் பெயரளவில் இதே உப்புதான். ஆனால் சாப்பாட்டுக்கு என்று சுத்தம் செய்யாதது, அதைக் கிட்டேயே சேர்க்கக் கூடாது.

நான்கு பேருக்கு அளவு: மைதா 400 கிராம், தண்ணீர் 170 மில்லி, உப்பு 5 கிராம், வறுத்த சோடா 4 கிராம். பரோட்டாவுக்கு நன்றாக இழுபடும் மைதாவாக இருந்தால் நல்லது. உப்பையும் சோடாவையும் தண்ணீரில் முழுக்கக் கரைத்த பிறகுதான் மாவில் ஊற்ற வேண்டும். நம் கடலோரக் காற்றில் மாவு தானாகவே ஈரம் இழுத்துவைத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் 10 மில்லி தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம்.

முதல் தடவை பிசைகிறவர்கள் பயந்துபோவது இந்த இடத்தில்தான். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து விரல் நுனியால் கலக்கும்போது மாவு ஒன்று சேராது. புட்டுக்குப் பிசிறிய மாவு மாதிரி உதிரியாகக் கிடக்கும். சப்பாத்தி பழக்கத்தில் கை தானாகத் தண்ணீர்ச் செம்பைத் தேடும். ஒரு சொட்டுகூடச் சேர்க்கக் கூடாது. உதிரியை அப்படியே அள்ளி அமுக்கி ஒரு கட்டியாக்கி, ஈரத்துணி சுற்றி அரை மணி நேரம் மூடிவைக்க வேண்டும். திறந்து பார்த்தால் வெடிப்பும் விரிசலுமாக இருந்த கட்டி தன்னால் இணங்கியிருக்கும். வெள்ளை போய் இளமஞ்சள் ஏறியிருக்கும். பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதியால் உடம்பு எடையைப் போட்டுப் பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்தால் மேல்தோல் வழவழப்பாகும். மறுபடியும் மூடி ஒரு மணி நேரம். வெயில் காலத்தில் இந்த இரண்டாவது ஓய்வை ஃப்ரிட்ஜில் கொடுப்பது நல்லது.

ஊறிய மாவை நான்காக்கி, சப்பாத்திக் கட்டையால் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். சுருங்கிக்கொண்டு அடம்பிடித்தால் சண்டை போட வேண்டாம். ஐந்து நிமிடம் விட்டுவிட்டு அடுத்த உருண்டையைத் தேய்த்துவிட்டு வரலாம். மேலே தூவுவதற்கு மைதாவை விட மரவள்ளிக் கிழங்கு மாவோ சோளமாவோ மேல். ஒட்டாது, வேகும்போது உதிர்ந்துவிடும். புடவை மடிப்பதைப் போல மடித்து, கூரிய கத்தியால் தீக்குச்சி அகலத்துக்கு வெட்டி உதறினால் நூடுல்ஸ். கட்டையும் கத்தியும் ஒத்துவரவில்லை என்றால், மாவைக் கொஞ்சம் இளக்கமாகப் பிசைந்து தேன்குழல் அச்சில் போட்டுக் கொதிக்கும் தண்ணீருக்குள்ளேயே நேராகப் பிழியலாம். ஹலே நூடுல்ஸை வட சீனத்தில் அப்படித்தான் செய்கிறார்கள்.

வேகவைக்கத் தண்ணீர் தாராளமாக வேண்டும். 100 கிராம் நூடுல்ஸுக்கு ஒரு லிட்டர். தளதளவென்று கொதிக்கும்போது போட்டால் இரண்டு, மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். ஓர் இழையை எடுத்துக் கிள்ளிப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது.

மாவு முடிந்தது. அடுத்தது நாக்கில் உறைக்கும் காரம்.

சீனக் காரம் என்கிறோம், ஆந்திரக் காரம் என்கிறோம், செட்டிநாட்டுக் காரம் என்கிறோம். மிளகாய் இந்த மூன்று ஊரிலும் பிறந்ததில்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. கொலம்பஸுக்குப் பிறகு போர்த்துக்கீசியர் கப்பலில் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. சீனத்தில் அதைப் பற்றிய முதல் குறிப்பு 1591இல், காவ் லியான் எழுதிய நூலில். அதிலும் பார்வைக்கு அழகான செடியாகத்தான் வருகிறது. சமையலில் அது ஊறிப்போனது பிந்தைய நூற்றாண்டுகளில். சுவான்சௌவில் தமிழ்க் கல்வெட்டு பொறித்தவர்கள் இங்கும் அங்கும் மிளகாயைக் கண்டதே இல்லை. அப்போது காரத்துக்கு இருந்தது நம் கரையில் மிளகு. சீனத்தின் சிச்சுவானில் ஹுவாஜியாவ் என்ற காய்.

மிளகாயின் கேப்சைசின் நாக்கில் உள்ள வெப்ப உணர்வியைத் திறந்துவிடுகிறது. சுடாத பொருளைச் சுடுகிறது என்று மூளை நம்பிவிடுகிறது. அந்த உணர்வியை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஹுவாஜியாவின் வேலை வேறு. அது சுடாது, மரத்துப்போக வைக்கும். உதடு லேசாக அதிரும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2013இல் அந்த அதிர்வை அளந்து பார்த்ததில், விநாடிக்குச் சுமார் 50 துடிப்பு என்று வந்தது. சிச்சுவான் சமையல் இந்த இரண்டையும் சேர்த்தே பரிமாறுகிறது. ஹுவாஜியாவ் கிடைக்காவிட்டால் அதன் உறவுக்காரர்கள் இந்தியாவிலேயே இருக்கிறார்கள். கொங்கணக் கரையில் மீன்குழம்புக்குப் போடும் திர்பளும், உத்தராகண்டிலும் நேபாளத்திலும் துவையலுக்கு இடிக்கும் திமுரும் அதே இனச் செடிகளின் காய்கள். மிளகைப் போட்டு ஈடுகட்ட முடியாது. மிளகுக்கு மரத்துப்போக வைக்கும் குணம் இல்லை.

மிளகாய் எண்ணெய்க்கு நம் ஊர்ச் சரக்கே போதும். காரத்துக்கு இராமநாதபுரம் குண்டு மிளகாய் 25 கிராம். அது 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. நிறத்துக்கு பேடகியோ காஷ்மீரி மிளகாயோ 25 கிராம். வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து, உரலில் கொரகொரப்பாக இடிக்க வேண்டும். மிக்சியில் நைசாக அரைத்தால் கருகிவிடும். எண்ணெய் 250 மில்லி, கடலை எண்ணெய். விருத்தாசலத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையமே வைத்து வி.ஆர்.ஐ. என்ற பெயரில் வேர்க்கடலை ரகங்களை வெளியிடும் மாவட்டத்தில் வேறு எண்ணெய் தேடுவானேன்?

எண்ணெய் காய்ந்ததும் இஞ்சி, பட்டை, ஒரு அன்னாசிப்பூ, வெங்காயத்தாள் போட்டுச் சிவந்தவுடன் அரித்தெடுத்துவிட வேண்டும். அடுப்பை அணைத்து, சூடு 140 டிகிரி வாக்கில் இறங்கும்வரை பொறுக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் இரண்டு மிளகாய் விதையைப் போட்டுப் பார்க்கலாம். சுற்றிலும் சின்னக் குமிழி கட்டி விதை மெல்லப் பொன்னிறமானால் பதம். போட்டவுடன் கறுத்தால் இன்னும் ஆற வேண்டும். இடித்த மிளகாய் இருக்கும் பீங்கான் கிண்ணத்தில் ஒரு கரண்டி எண்ணெயை முதலில் ஊற்றினால், நுரைத்துப் பொங்கி, கிண்ணம் முழுக்கச் செக்கச்செவேல் என்று ஏறும். கிளறிவிட்டு மீதியை ஊற்றி, வெள்ளை எள் இரண்டு கரண்டி சேர்க்கலாம். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து வீடும் சேர்ந்து இருமும். கேப்சைசினும் மிளகாயின் சிவப்பும் எண்ணெயில் கரைபவை, தண்ணீரில் கரையாதவை. அதனால் ஓர் இரவு ஊறிய எண்ணெய்க்கு அன்றைக்கே எடுத்ததை விட நிறமும் மணமும் கூடும்.

இப்போது கிண்ணம். சிச்சுவானில் தோளில் தண்டு போட்டு, ஒரு முனையில் அடுப்பும் மறு முனையில் கிண்ணங்களுமாகத் தெருத்தெருவாகச் சுமந்து விற்ற ‘தான் தான்’ என்ற பெயருள்ள நூடுல்ஸ் வகை இது. வாணலியில் புரட்ட வேண்டியதில்லை. அத்தோவைப் போலவே இதுவும் கலந்து தின்பது.

ஒருவருக்கு: மிளகாய் எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, அடியில் தங்கிய மிளகாய்ச் சக்கையோடு. சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, வறுத்தரைத்த எள் விழுது ஒரு மேசைக்கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு பல், வறுத்துப் பொடித்த ஹுவாஜியாவோ திர்பளோ கால் தேக்கரண்டி. இதில் மூன்று கரண்டி சூடான கோழிச்சாறோ வெந்நீரோ விட்டுக் கலக்க வேண்டும். நூடுல்ஸ் வெந்த தண்ணீரை விடக் கூடாது. அதில் சோடா இறங்கியிருக்கும். வினிகர் கட்டாயம் வேண்டும் என்பதற்கும் அதுதான் காரணம். இழையில் மிச்சமிருக்கும் கார வாடையைப் புளிப்பு முறித்துவிடும்.

மேலே போட சிச்சுவானில் பன்றிக்கறியைக் கொத்தி மொறுமொறுப்பாக வறுப்பார்கள். இங்கே ஆட்டுக் கொத்துக்கறியை அப்படி வறுக்கலாம். கடலூர் முதுநகர்ப் பக்கம் கருவாடு வாங்குகிறவர்கள் சென்னாக்கூனியைச் சுத்தம் செய்து, மணல் போக அலசி, பூண்டோடு எண்ணெயில் மொறுக விட்டுப் போட்டால் இன்னும் பொருத்தம். காய்ந்த கூனி சீனச் சமையலிலும் உள்ள சரக்குதான். சைவக்காரர்கள் காளானைப் பொடியாக நறுக்கி நீர் வற்றச் சுண்ட வதக்கலாம். பொடித்த வேர்க்கடலையோ பண்ருட்டி முந்திரியோ ஒரு கை, வெங்காயத்தாள், ஒரு நிமிடம் வெந்நீரில் முக்கியெடுத்த முளைப்பயறு.

நூடுல்ஸை அரித்தெடுத்து நீரை உதறிய கையோடு கிண்ணத்தில் போட்டு, அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கொடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் போனால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். போட்டோ எடுக்கிறவர்கள் அதற்குள் எடுத்துவிடலாம். மிஞ்சிய பச்சை நூடுல்ஸைக் கிழங்கு மாவு தூவிச் சுருட்டி டப்பாவில் வைத்தால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். மறுநாள் அதையே வேகவைத்து, உருளைக்கிழங்கும் வடையும் முட்டையும் சேர்த்து வாணலியில் புரட்டினால் பினாங்குக்காரர்களின் மீ கோரெங். அதற்கு எலுமிச்சைப் பழம் தயாராக இருக்க வேண்டும். சர்க்கரைவள்ளி கிடைத்தால் அவித்து மசித்துக்கொள்ளுங்கள்.